அமைச்சருக்கு உரை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நல்ல தமிழ் எழுதத் தெரிந்தால் போதும், அமைச்சருக்கும் ஆட்சியருக்கும் உரை எழுதிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பலரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். வந்த பிறகு அவர்களை வழுக்கி விழ வைப்பது பெரும்பாலும் கோப்பு.

புதுச்சேரி யூனியன் பிரதேசம். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டப்பேரவையும் அமைச்சரவையும் இருந்தாலும், துணைநிலை ஆளுநரின் ஒப்புதல், மத்திய உள்துறையின் அனுமதி என்று பல கோப்புகள் மேலே போய்த் திரும்ப வேண்டும். கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்காமல் ‘வரும் பொங்கலுக்குள் வழங்கப்படும்’ என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும். தை பிறந்ததும் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். பேரவைக்குள் சொன்னதென்றால் அமைச்சர்கள் தந்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கும் பேரவையின் உறுதிமொழிக் குழு வரை அது துரத்தும். ‘பரிசீலனையில் உள்ளது’, ‘ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ளது’, ‘ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளது’ ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். எது பொருந்தும் என்பதைத் துறையின் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். செயலரைவிட அவருக்கே சரியாகத் தெரியும் என்பது என் கணிப்பு.

பழைய உரையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் சோம்பல் இன்னும் மோசம். தமிழ்நாட்டு உரையைப் பார்த்து எழுதியவர், 1947 ஆகஸ்ட் 15இலேயே புதுச்சேரியும் விடுதலை பெற்றதாக எழுதிவிடுவார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றமோ 1962 ஆகஸ்ட் 16இல்தான். முன்வரிசையில் தியாகிகளின் குடும்பத்தினர் உட்கார்ந்திருக்கும் விழாவில் இதைத் தவறவிட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். நிகழ்ச்சி நிரலிலும் கண் வேண்டும்: தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து மனோன்மணீயம் சுந்தரனாருடையது, புதுச்சேரியினுடையது பாரதிதாசனுடையது. புதுச்சேரியின் பகுதிகளில் காரைக்காலை நினைவு வைத்திருப்பவர்களும் கேரளத்தை ஒட்டிய மாகேயையும் ஆந்திரத்தை ஒட்டிய ஏனாமையும் மறந்துவிடுகிறார்கள்.

எண்களை எழுதும் விதம் வேறு. ‘ரூ.1,27,43,650’ என்று தாளில் இருந்தால் மேடையில் நாக்கு குழறும். ‘ஒன்றேகால் கோடி ரூபாய்க்கும் மேல்’ என்று எழுதுங்கள். துல்லியமான தொகை செய்திக்குறிப்பில் இருக்கட்டும்.

கடலூரில் டிசம்பர் 26 தனி நாள். 2004 சுனாமியில் இறந்தவர்களுக்காகத் தேவனாம்பட்டினத்தில் மக்கள் கடலில் பாலூற்றிப் பூத்தூவும் நேரத்தில், துறையின் சாதனைப் பட்டியலை வாசிக்க வைப்பது ஈவிரக்கமற்ற செயல். மேலதிகாரி வற்புறுத்தினாலும் அந்தப் பத்தியை வேறு விழாவுக்குத் தள்ளிப் போடப் பாருங்கள். அங்கே இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

அரசு ஊதியத்தில் இருந்துகொண்டு கட்சிக் கூட்டத்துக்கு எழுதித் தருவது எப்போதுமே ஆபத்து. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாட்களில் பணி இடைநீக்கம் வரை போகலாம்.

அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, ‘அமைச்சர் பேசிய அந்த உரை நான் எழுதியது’ என்று காட்டாதீர்கள். கேட்பவர், நாளை தன்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்வீர்கள் என்று கணக்குப் போடுவார். மாதிரி வேண்டுமென்றால், பள்ளிக் கட்டடத் திறப்பு விழா ஒன்றைக் கற்பனை செய்து ஐந்து நிமிட உரை எழுதிக் கொடுங்கள். விழா வெயிலில் நடக்கும், பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். 400 சொற்களைத் தாண்ட வேண்டாம்.