செஸ்ல இத்தாலியன் ஓப்பனிங்ல குதிரை ஜி5-க்கு வந்தா கருப்பு என்ன பண்ணணும்?

போன மாசம் பாலக்காட்டுல ஒரு டோர்னமென்ட்டுங்க, கொழிஞ்சாம்பாறையில காலங்காத்தால பஸ் புடிச்சு போயி மொத ரவுண்டுலயே பதினஞ்சு மூவ்ல காலி. எதிர்ல ஆறாங்கிளாஸ் பையன். அந்த கேமையே வச்சு சொல்லித்தரேன், பலகைய எடுத்து காயெல்லாம் அடுக்கிக்கோங்க, வெறுங்கண்ணால படிச்சா மண்டையில நிக்காது.

கட்டத்தோட பேர்ல எழுத்து (ஏ-யில இருந்து ஹெச் வரை) வெள்ளைக்கு இடமிருந்து வலமா, எண் வெள்ளை பக்கத்துல இருந்து மேல. மொத மூவ், வெள்ளை சிப்பாய் இ4, கருப்பு சிப்பாய் இ5. ரெண்டாவது, வெள்ளை குதிரை எஃப்3 வந்து அந்த இ5 சிப்பாய மிரட்டும், நம்ம குதிரை சி6 வந்து காவல் நிக்கும்.

மூணாவது, வெள்ளை பிஷப் சி4. இதான் இத்தாலியன். பிஷப்போட கண்ணு எஃப்7 மேல, ஏன்னா அந்த சிப்பாய்க்கு ராஜாவ விட்டா காவலுக்கு வேற ஆளே இல்ல. இப்ப நம்ம பிஷப்ப சி5-ல வச்சா அமைதியான ஆட்டம், ஜி5-க்கு குதிரை வந்தா ராணியே வெட்டிரும். நான் வச்சது குதிரை எஃப்6. அதுவும் நல்ல மூவ்தான், ஆனா ராணி போற வழிய மறைச்சுரும்.

நாலாவது, வெள்ளை குதிரை ஜி5! பிஷப்பும் குதிரையும் சேந்து எஃப்7-ஐ குறி வைக்குது. நாம டி5 சிப்பாய தள்ளி பிஷப்ப மறிக்கணும், அவங்க இ4 சிப்பாயால அத வெட்டுவாங்க.

இங்கதான் கைய கட்டிட்டு உக்காரணும். எஃப்6 குதிரையால திருப்பி வெட்டினா, வெள்ளை குதிரை எஃப்7-ல பாய்ஞ்சு ராணி, யானை ரெண்டையும் ஒண்ணா புடிக்கும், ராஜா அத வெட்டினா வெள்ளை ராணி எஃப்3-ல செக், டி5 குதிரைய காப்பாத்தணும்னா ராஜா இ6-க்கு நடுரோட்டுக்கே வரணும். ஃப்ரைடு லிவர்னு பேரு, அதாவது வறுத்த ஈரல், 400 வருசத்துக்கு மேல பழசு, இன்னும் ஆள் மாட்டிட்டுதான் இருக்காங்க.

சரியான மூவ், சி6 குதிரைய ஏ5-க்கு கொண்டு போயி பிஷப்ப மிரட்டுறது. பிஷப் பி5-ல செக் குடுக்கும், சி6 சிப்பாய வைங்க, அவங்க வெட்டினா பி சிப்பாயால திருப்பி வெட்டுங்க. மறுபடியும் பிஷப் ஓடணும், அப்புறம் ஹெச்6 தள்ளினா குதிரையும் ஓடணும். ஒரு சிப்பாய் நட்டம்தான், ஆனா அவங்க ஓடுற நேரத்துல நம்ம காயெல்லாம் வெளிய வந்துரும்.

எனக்கு இது ஞாபகம் வந்தது எஃப்6 குதிரைய தொட்டதுக்கப்புறம். டச் மூவ், தொட்டா தொட்டதுதான்.

முடிஞ்சதும் அந்தப் பையன் பாவப்பட்டு, "குதிர வச்சு ஆனய அடிக்கணும் சேட்டா"ன்னான். மலையாளத்துல பிஷப்தான் ஆன, நம்ம யானை அவங்களுக்கு தேரு, நான் பாட்டுக்கு மூலையில இருக்கற யானையவே பாத்து முழிச்சுட்டு இருந்தேன்.