ஃபில்டர் மாற்றிய பிறகு டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிய அனுபவம்

டீசல் ஃபில்டர் மாற்றியதும் என் பழைய டீசல் காரில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பைப்பில் காற்று இருந்தால் அது அமுங்கிக்கொள்ளும். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது.

ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். முதலில் வெறும் நுரை. டீசல் சீராக வழிந்த பிறகு, பம்பை அழுத்தியபடியே ஸ்க்ரூவை இறுக்கினேன். கையை எடுத்துவிட்டு இறுக்கினால் காற்று திரும்பப் புகுந்துவிடும்.

அப்புறம் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, ஸ்டார்ட்டர் போடச் சொன்னேன். டீசல் கசிந்ததும் இறுக்கினேன், எஞ்சின் பிடித்தது. காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இதைச் செய்யவே கூடாது. அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், டீசல் தோலைத் துளைத்துவிடும்.

மறுபடி காற்று வந்தால் டேங்க் பக்கத்து ஹோஸைப் பாருங்கள். வெளியே டீசல் சொட்டாமலேயே அது காற்றை இழுக்கும்.