மாக்கி ஃபோல்கோரே: பச்சை வளையம் அடிப்பது எப்படி

இரண்டாம் உலகப் போர் விமான மாடல் செய்ய ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஸ்பிட்ஃபயர் வாங்குவார்கள், அடுத்து மெஸ்ஸர்ஷ்மிட். மூன்றாவதாக எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் மாக்கி சி.202 ஃபோல்கோரே என்றுதான் சொல்வேன். ஒட்டுவதற்குப் பெரிய கஷ்டம் தராத இத்தாலிய விமானம். பெயின்ட் அடிக்கும்போதுதான் ஆளைச் சோதிக்கும். மணல் நிற உடம்பு முழுக்கப் பச்சைப் புகை வளையங்கள், அதிலும் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. அந்த வளையங்கள் சரியாக வந்தால் மற்ற சின்னச் சின்னக் குறைகளை யாரும் பார்க்க மாட்டார்கள். வளையம் சொதப்பினால், காக்பிட்டில் நீங்கள் எவ்வளவு நுணுக்கம் காட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

பெங்களூரு அல்சூரில் பல் செட் செய்கிற லேபில் எனக்கு வேலை. பகலில் பல், ராத்திரியில் விமானம். அதனால் என் கருவிகளில் பாதி பல் லேபுச் சாமான்கள்தான். மெழுகு செதுக்கும் கத்தி, வளைந்த முனை வைத்த புரோப், தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி எல்லாம் பல் டாக்டர்களுக்கு விற்கிற கடைகளில் கிடைக்கும். ஹாபி கருவி என்று பெயர் போட்டு விற்பதைவிட இவை எனக்குப் பிடிக்கும். ஸ்டீல் நல்ல ஸ்டீலாக இருக்கும்.

முதலில் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம். மரியோ காஸ்டோல்டி வடிவமைத்தது. இவரே முன்னால் வடிவமைத்த சி.200 சயெட்டாவில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ஃபியட் ரேடியல் எஞ்சின் இருந்ததால் மூக்கு மொண்ணையாக இருக்கும். அந்த உடம்புக்கு ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் டிபி 601 எஞ்சினை வைத்து, மூக்கைக் கூராக்கி, 1940 ஆகஸ்டில் பறக்கவிட்டார்கள். அப்புறம் அதே எஞ்சினை லைசென்ஸ் வாங்கி ஆல்ஃபா ரோமியோவே தயாரித்தது. வேகம் மணிக்கு 600 கிலோமீட்டர் அளவுக்குப் போனது. ஆனால் மூக்கில் இரண்டே இரண்டு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகள்தான் பிரதான ஆயுதம். 1941 கடைசியில் லிபியாவுக்குப் போனது. எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் முகாம் வைத்திருக்கிற, இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் அந்த வட ஆப்பிரிக்கப் போரில் இருந்தது. அந்த நினைப்பு வந்த பிறகு, யாரோ எங்கேயோ ஓட்டிய விமானம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

1/72 அளவில் இத்தாலேரி, 1/48 அளவில் ஹாசெகாவா என்று பல கம்பெனிகளின் கிட்டுகள் இருக்கின்றன. 1/48 வாங்குங்கள். நிஜ இறக்கை 10.58 மீட்டர், 1/48-இல் அது சுமார் 22 சென்டிமீட்டர் வரும். 1/72-இல் 15 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சின்ன உடம்பில் வளையம் அடிக்க, காற்றால் பெயின்ட் தூவுகிற ஏர்பிரஷ்ஷில் நன்றாகக் கை பழகியிருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் இரண்டு இறக்கைகளையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். இடது இறக்கை நீளமாக இருக்கும். அச்சில் தப்பு என்று நினைத்து அதை அராவிவிடாதீர்கள். நிஜ விமானத்திலேயே இடது இறக்கை சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றும்போது உடம்பு எதிர்ப் பக்கம், அதாவது இடப்பக்கம், சாயப் பார்க்கும். அதைத் தாங்க இடது இறக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் தூக்குவிசை வேண்டும், அதனால் அதை நீட்டிவிட்டார் காஸ்டோல்டி. 1/48-இல் அது 4 மில்லிமீட்டர். ஒரு கிட்டில் இந்த வித்தியாசம் இல்லை என்றால்தான் அந்தக் கம்பெனிமேல் சந்தேகப்பட வேண்டும்.

வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் முன்பே பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். அச்சிலிருந்து வரும் எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. காக்பிட்டுக்கு வெளிர்பச்சை, கருவிப் பலகைக்குக் கறுப்பு. சீட் பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி ஒட்டினால் போதும். காக்பிட்டின் கண்ணாடி மூடியைத் திறந்து காட்டப் போவதில்லை என்றால் இதற்குமேல் மெனக்கெட வேண்டாம். ஃபோல்கோரேயின் கண்ணாடிக் கூடாரத்தில் கம்பிச் சட்டம் அதிகம், உள்ளே பாதி தெரியாது.

உடம்பின் இரண்டு பாதியையும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் விட்டுச் சேருங்கள். அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுகிற சாமான். பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, பிரஷ்ஷால் இடுக்கில் தொட்டால் தானாக உள்ளே ஓடும். லேசாக அழுத்தினால் உருகின பிளாஸ்டிக் நூல் மாதிரி வெளியே பிதுங்கும். பிதுங்கட்டும், அதுதான் உங்கள் பட்டி. ஒரு ராத்திரி விட்டுவிட்டு, கத்தியின் கூரால் சுரண்டி, 400, 800, 1200 என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இடைவெளி விழுந்தால் மட்டும் தனியாகப் பட்டி பார்க்க வேண்டும். கிரே பிரைமர் ஒரு கோட் அடித்து, டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். ஒளி கோட்டில் உடைந்தால் இணைப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

ஆப்பிரிக்கா போன விமானங்களுக்கு மூக்கின் இடப்பக்கம் காற்று வாங்கும் குழாயில் மணல் ஃபில்டர் இருக்கும். பல கிட்டுகளில் இரண்டு வகைக் குழாயும் கொடுத்திருப்பார்கள். எந்த விமானத்தின் டெக்கால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள்) போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு ஒட்டுங்கள்.

பெயின்டுக்கு வருவோம். டாமியா அக்ரிலிக்கை வைத்தே சொல்கிறேன், கீழே வரும் எக்ஸ்.எஃப். எண்கள் அவர்கள் பெயின்ட் பாட்டில் எண்கள். மெலிதாக்க அவர்கள் தின்னரே நல்லது. தீர்ந்துவிட்டால் எஸ்.பி. ரோட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கிற ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலும் வேலை செய்யும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரைக் கலக்காதீர்கள், கனமாக விழுந்தால் பிளாஸ்டிக்கையே கடித்துவிடும். மழை மாதங்களில் கம்ப்ரஸர் காற்றோடு தண்ணீரும் வரும், அதற்கு ஈரம் பிடிக்கும் டிராப் போடுங்கள். பால்கனியில் அடிக்கவே கூடாது, பெங்களூரில் எந்நேரமும் பக்கத்தில் எங்காவது கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும், அந்தத் தூசி முழுக்க உங்கள் இறக்கையில்தான் வந்து உட்காரும். நான் அறையில் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடிக்கிறேன். முகத்தில் மாஸ்க் கட்டாயம். கம்ப்ரஸருக்கு அடியில் ஒரு தடி ரப்பர் மேட் போட்டால் கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வரமாட்டார்.

வரிசை இதுதான்: முதலில் வெள்ளை. உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை, வால் துடுப்பில் இத்தாலியை ஆண்ட சவோய் அரச குடும்பத்தின் வெள்ளைச் சிலுவை. வெள்ளையைக் கடைசியில் அடித்தால் நாலைந்து கோட் ஆகும், அடியில் மணல் நிறம் எட்டிப் பார்க்கும். அதனால் முதலிலேயே அடித்து டேப் போட்டு மூடிவிடுங்கள். பட்டைக்கு மேல் வளையம் வராது, டேப் அதையும் பார்த்துக்கொள்ளும். அடுத்து அடிப்பக்கத்துக்கு வெளிர் சாம்பல் நீலம், எக்ஸ்.எஃப். 19-இல் எக்ஸ்.எஃப். 23 கொஞ்சம். மேலே மணல் நிறத்துக்கு எக்ஸ்.எஃப். 59-இல் வெள்ளை கலந்து என் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை வெளுக்க வைக்கிறேன். இத்தாலியர்கள் இதற்கு நொச்சோலா கியாரோ என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன மாடலில் எந்த நிறமும் ஒரு படி இருட்டாகத்தான் தெரியும், அதனால் வெளுப்பாகவே போங்கள். பச்சைக்கு எக்ஸ்.எஃப். 61-உம் 62-உம் பாதிப் பாதி.

இப்போது வளையம். மணல் நிறம் ஒரு நாள் காயட்டும். பச்சை ஒரு பங்கு, தின்னர் இரண்டு பங்கு. பால் பதத்தைவிட நீர்க்க இருக்க வேண்டும். ஏர்பிரஷ் ஊசி 0.2 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 10 முதல் 12 பி.எஸ்.ஐ., முனைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர். முதலில் ஒரு காலி ஷாம்பு பாட்டிலில் பழகுங்கள், தட்டையான அட்டையில் வேண்டாம். வளைந்த பரப்பில் தூரம் மாறாமல் கை போக வேண்டும் என்பதுதான் பயிற்சியே.

காற்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கை சுற்ற ஆரம்பித்த பிறகு டிரிக்கரை மயிரிழை பின்னால் இழுங்கள், சுற்று முடியும் முன்பே விட்டுவிடுங்கள். நின்றுகொண்டு பெயின்டைத் திறந்தால் அந்த இடத்தில் பொட்டு விழும், அதிலிருந்து சிலந்திக் கால் கிளம்பும். வளையம் முழுசாகச் சேர வேண்டியதில்லை. பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள், பாதி வளையங்கள் ஒரு பக்கம் திறந்திருக்கும், சில அவரை விதை மாதிரி நசுங்கியிருக்கும், இரண்டு ஒட்டிக்கொண்டு எட்டு போட்டிருக்கும். மாக்கி ஃபேக்டரியில் அடித்ததும் பிரேடா ஃபேக்டரியில் அடித்ததும் ஒரே மாதிரி இல்லை. அதனால் நீங்கள் செய்கிற அந்த ஒரு விமானத்தின் போட்டோ கிடைத்தால் அதை மட்டும் நம்புங்கள்.

கோலம் போட்டுப் பழகிய கை இருக்கிறதே, அதுதான் இங்கே வில்லன். நம் ஊர்க் கை தானாகவே வரிசை தேடும், சம இடைவெளி தேடும். மூக்கில் ஆரம்பித்து வால்வரை வரிசையாக அடித்துக்கொண்டு போனால் வால்பேப்பர் மாதிரிதான் வரும். நான் செய்வது, முதலில் பெரிய வளையங்களை உடம்பு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டுவிடுவது. பிறகு நடுத்தரம். கடைசியில் இடைவெளி அதிகமாகத் தெரிகிற இடங்களில் சின்னவை. முதல் நாலைந்து வளையங்களைக் கிடைமட்ட வாலுக்குக் கீழே, கண் போகாத இடத்தில் அடித்து, அழுத்தமும் பதமும் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கில் ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் கூம்பு) மாட்டும் துளையில் ஒரு குச்சியைச் செருகி மாடலைப் பிடித்துக்கொண்டால், கையைச் சுற்றாமல் மாடலையே திருப்பலாம்.

இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி நுனியில் பெயின்ட் காய்ந்து பருக்கை கட்டும். தின்னரில் நனைத்த காதுக்குச்சியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். துடைக்க மறந்தால் பெயின்ட் தடைபட்டு, அப்புறம் ஒரே சிதறலாகத் தெறிக்கும். எல்லாம் முடிந்ததும் மணல் நிறத்தை நீர்க்கக் கரைத்து, தடித்துப்போன வளையங்களின் நடுவை மட்டும் திரும்பத் திறந்துவிடுங்கள். இந்தத் திருத்தம் அடித்த வேலையைவிட அதிக நேரம் பிடிக்கும், ஆனால் கோடு மெலிவது இதில்தான். தட்டைப் பிரஷ்ஷால் இந்த வளையங்களை வரைகிறேன் என்று இறங்க வேண்டாம். அதன் ஓரம் கூராக நிற்கும், புகை மாதிரி கரையாது. ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு வளையங்களையே டெக்காலாக விற்கிறார்கள். கிட்டில் முழுக் கரும்பச்சை விமானம் ஒன்று கொடுத்திருந்தால் அதைச் செய்வது இன்னும் நல்லது.

டெக்காலுக்கு முன் பளபளப்பான கிளாஸ் கோட் அடியுங்கள், இல்லையென்றால் அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். ஊற வைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்த பிறகு உப்பு வெள்ளை வட்டமாக நின்றுவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் பல மாடலுக்கு வரும். இறக்கை வட்டத்துக்குள் மூன்று கம்புக்கட்டுகள் நேராக நிற்க வேண்டும், அது முசோலினி கட்சியின் சின்னம். நான்காவது ஸ்டோர்மோவின் (இத்தாலிய விமானப்படைப் பிரிவு) விமானம் செய்தால் துள்ளும் குதிரையும் உண்டு. முதல் உலகப் போர் விமானி பரக்காவின் சின்னம் அது. ஃபெராரி காரில் பார்க்கும் அதே குதிரை.

உடம்பின் தகடுகள் சேரும் பேனல் கோடுகளுக்குக் கரும்பழுப்பு ஆயில் கலரை ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து ஓட விடுவார்கள். எவ்வளவு போடலாம் என்பதற்கு நான் யாரையும் ஹெச்.ஏ.எல். மியூசியத்துக்குத்தான் அனுப்புவேன். வெளியே நிற்கிற மாருத் போர் விமானத்திலிருந்து பத்து அடி தள்ளி நின்று பாருங்கள், கோடு கண்ணில் படுகிறதா? மாடல் செய்கிறவர்கள் பலர் அதைக் கறுப்பு மையால் கட்டம் போட்டுவிடுகிறார்கள். லேசாக விட்டு, காற்று ஓடும் திசையில் துடைத்தெடுங்கள். எக்ஸாஸ்ட் கரிக்கு சாக் பேஸ்டலைத் தேய்த்த பொடி போதும், பக்கத்துக்கு ஆறு குழாய்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு இழுப்பு. பிறகு பளபளப்பை அடக்கும் மேட் கோட்.

கண்ணாடிக் கூடாரத்தைக் கடைசியில் ஃபெவிகாலால் ஒட்டுங்கள். ஃபெவி க்விக் பட்டால் ஆவி படிந்து வெளுத்துவிடும், அதை எடுக்க முடியாது. இறக்கை நுனிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயைப் பிளாஸ்டிக்கில் விட்டுவைத்தால் தூசி துடைக்கும்போது கண்டிப்பாக உடையும். மருந்துக் கடையில் 26 கேஜ் இஞ்செக்ஷன் ஊசி வாங்கி, அளவுக்கு வெட்டி, சின்னத் துளை போட்டுச் செருகுங்கள். கூர் முனையை அராவி மழுக்கிவிட்டுச் செருகுங்கள், மாடலைக் கையில் எடுத்துப் பார்க்கக் குழந்தைகள்தான் முதலில் வரும்.