குடி பார்த்து நோயை எண்ணாதீர்கள்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் கலியாணப் பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சீதன வீடு, வளவு எல்லாம் பேசி முடிந்த பிறகு மாப்பிள்ளையின் பெரியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பொம்புளைக்குத் தாய்மாமன் ஒராள் மனநோய்க் கிளினிக்குக்குப் போறவராமே?" அந்த மாமன் மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு, போகம் தவறாமல் வயல் செய்கிறவர். ஆனாலும் பேச்சு அதோடு நின்றுபோனது. "அதே குடி, இரத்தத்தில் ஓடும்" என்றார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய்வழியாக வருகிறது. அதனாலேயே நோயையும் தாய்வழியாக எண்ணிவிடுகிறோம். மரபணுவுக்குக் குடி தெரியாது. பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. தகப்பன் பக்கத்து நோயை யாரும் விசாரிப்பதில்லை; அதையும் அதே அளவு கணக்கில் எடுக்க வேண்டும். மாமன் மகள் வேறு குடி, எனவே இரத்தம் வேறு என்று நினைப்பதும் பிழை. மச்சானும் மச்சாளும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் கேட்பது, இல்லாததை உண்மையென்று நம்புவது போன்றவை வரும் மனநோய்) பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும். மாமனுக்கோ சித்திக்கோ இருந்தால் மூன்று, நான்கு பேருக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூறு பிள்ளைகளில் சுமார் பத்துப் பேருக்கு. மிச்சம் 90 பேருக்கு வராது. அந்தத் திண்ணையில் இதைச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது.

"மனச்சிதைவு 80 வீதம் பரம்பரை" என்ற வரிதான் ஆட்களை அதிகம் குழப்புகிறது. நோயாளியின் பிள்ளைக்கு 80 வீதம் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு சனத்தொகைக்குள் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போகிற வேறுபாட்டில் எவ்வளவு மரபணுவால் விளக்கப்படுகிறது என்பதே அந்த எண். 2004இல் கடல் வந்ததை நினைத்துப் பாருங்கள். ஊரில் எல்லோரையும் அது ஒரே அளவாக அடித்திருந்தால், அதற்குப் பிறகு யாருக்கு மனம் உடைந்தது, யாருக்கு உடையவில்லை என்ற வேறுபாட்டுக்குக் கடல் காரணமாகக் கணக்கில் வராது. மரபணுவின் பங்கு பெரிதாகத் தெரியும். அதற்காகக் கடல் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொல்வோமா? ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால்கூட மற்றவருக்கு வருவது பாதிக்குப் பாதி அளவுக்குள்தான். மிச்சத்தில் பிறப்பின்போது நேர்ந்த சிக்கல், இளவயதில் கஞ்சா, பெரிய அதிர்ச்சி எல்லாம் இருக்கின்றன.

அப்புறம், "நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற செய்தி. 2003இல் மனச்சோர்வையும் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த ஒரு மரபணுவையும் இணைத்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவை வைத்துச் சோதித்தபோது அது நிற்கவில்லை. மனச்சிதைவோடு தொடர்புள்ளவையாக 2014இல் மரபணுத் தொகுதியில் 108 இடங்கள் கிடைத்தன. 2022இல், 76,000க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த பிறகு, 287. ஒவ்வொன்றும் துளி துளியாகத்தான் கூட்டுகிறது. விதிவிலக்கும் உண்டு: 22ஆம் நிறமூர்த்தத்தில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்று) ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஆனால் அப்படிப் பிறப்பவர்கள் மிகச் சிலர்.

எச்சிலை அனுப்பி, மரபணுவைப் பார்த்து நோய் வரும் ஆபத்துக்குப் புள்ளி வாங்குகிற பரிசோதனையை நம்பிக் கலியாணமோ குழந்தையோ தீர்மானிக்க வேண்டாம். அந்தப் புள்ளிகளுக்கு அடிப்படையான தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவருடையது. நமக்கு அது இன்னும் பலவீனமாகவே பொருந்தும்.

இத்தனைக்கும் பயந்து, குடும்பத்தில் இருக்கும் நோயை டொக்டரிடமும் மறைப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதியான பிழை. பத்தொன்பது வயது மகன் நித்திரையில்லாமல், தனியாகப் பேசிக்கொண்டு இருக்கும்போது, "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல" என்று தாய் சொன்னால் நோயைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் தாமதமாகலாம். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: யாருக்கு, எந்த வயதில் தொடங்கியது, எந்த மருந்து ஒத்துவந்தது. பெயர் வேண்டாம், உறவுமுறை போதும். தகப்பன் பக்கத்தையும் எழுதுங்கள்.