உடம்பு சரியில்லை, பயிற்சியும் போதவில்லை: டிரையத்லானில் இறங்கலாமா?

மூக்கொழுகல், தும்மல் என்று தொல்லை கழுத்துக்கு மேலேயே நின்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டியில் நிதானமாகக் கலந்துகொள்ளலாம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடல்வலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கட்டிய பணத்தை மறந்துவிட்டு வீட்டில் இருங்கள். வைரஸ் காய்ச்சலோடு உடலைக் கடுமையாக வருத்தினால் இதயத் தசையில் அழற்சி ஏற்படக்கூடும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு வருவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

பயிற்சி மட்டும்தான் குறைவு என்றால், 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் கொண்ட ஒலிம்பிக் தூரத்திலிருந்து, அதில் சரிபாதியான ஸ்பிரிண்ட் பிரிவுக்கு மாற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள்.

நீச்சல்தான் உண்மையான கவலை. மற்ற இரண்டிலும் நின்று மூச்சு வாங்கலாம், ஆழமான நீரில் அது முடியாது. பின்வரிசையில் ஓரமாக நின்று, கூட்டம் கிளம்பிச் சில நொடிகள் கழித்து இறங்குங்கள். மூச்சுத் திணறினால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்துங்கள். பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாறுவதை, அதைக்கொண்டு முன்னேறாத வரையில், விதிகள் பொதுவாக அனுமதிக்கின்றன.

சைக்கிளை இலகுவான கியரில், பேச முடிகிற அளவு மூச்சோடு மிதியுங்கள். இறங்கியதும் கால்கள் மரக்கட்டைபோல இருக்கும். முதல் கிலோமீட்டரை நடந்தே கடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நின்று மருத்துவக் குழுவை அழையுங்கள்.