ராத்திரியில் ஆள் தெரிகிற கேமரா

திண்டுக்கல் பக்கம் கேமரா மாட்டுகிற வேலை எனக்கு. என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய குட்டு, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா வைத்தது. அவர் வீட்டு போர்டிகோவில் நின்ற பைக்கை ராத்திரி இரண்டே முக்காலுக்கு எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்தோம். பைக் பளிச்சென்று இருக்கிறது, தரையில் டைல்ஸ் கோடு கூடத் தெரிகிறது. ஆள் மட்டும் வெள்ளைப் புகை மாதிரி நழுவிப் போகிறான். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்.

"ஏன் தம்பி, திருடனைப் பிடிக்கத்தானே மாட்டுனீங்க? இது பேயையில்ல பிடிச்சிருக்கு" என்றார். கேமராவைத் தேர்ந்தெடுத்ததும் மாட்டியதும் நான்தான். என்ன பதில் சொல்வது?

நடந்தது இதுதான். வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துக்கொள்ளும். நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு திறந்திருந்தால், சாதாரணமாக நடக்கிறவன் அதற்குள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான். முகம் அத்தனை தூரத்துக்கு இழுபடும். அசையாத பைக்கும் சுவரும் அழகாக விழும். கடையில் காட்டுகிற டெமோ படம் எல்லாமே அசையாத படம் என்பதை நினைவில் வையுங்கள்.

அட்டைப் பெட்டியில் 0.001 லக்ஸ் என்று போட்டிருப்பார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு; அவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும் என்று அர்த்தம். நல்ல பௌர்ணமி நிலவு வெளிச்சமே சுமார் கால் லக்ஸ்தான். அதைவிட நூறு மடங்குக்கு மேல் இருட்டில் கலர் படம் எடுக்குமாம்! ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்து அளந்தார்கள் என்று பெட்டியில் இருக்காது. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று சென்சார் அளவு, அதாவது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லின் அளவு. 1/2.8, 1/1.8 என்று பின்னமாக எழுதியிருக்கும். கீழே உள்ள எண் சின்னதாக இருந்தால் சென்சார் பெரியது. 1/1.8 சென்சாரின் பரப்பு மற்றதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவது, லென்ஸின் எஃப் எண்; அது குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது. எஃப் 1.0 லென்ஸ், எஃப் 1.6 லென்ஸைவிட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சோனியின் ஸ்டார்விஸ் வகை சென்சார் என்றால் இன்னும் நல்லது; அதில் வயரிங் எல்லாம் வெளிச்சம் விழும் பக்கத்துக்குப் பின்னால் இருப்பதால் வருகிற வெளிச்சம் மறைபடுவதில்லை.

மெகாபிக்சலில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "எட்டு எம்.பி. போடுங்கண்ணே, காசு பிரச்சினை இல்ல." சென்சார் அதே 1/2.8 என்றால், நாலு பேருக்கு ஊற்றுகிற ஒரு சொம்பு மோரை எட்டு பேருக்குப் பங்கு வைக்கிற கதை. பகலில் சொம்பு நிறைய இருக்கும், எல்லோருக்கும் போதும். ராத்திரியில் எட்டு டம்ளரிலும் அடிமட்டத்தில் நிற்கும். வீட்டு வாசலுக்கு 1/1.8 சென்சாரில் நாலு மெகாபிக்சல் போதும் என்பேன்.

அடுத்தது லென்ஸ். லென்ஸில் போட்டிருக்கிற எம்.எம். கூடக் கூட, தெரிகிற அகலம் குறையும், தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவான். கடைக்காரர் எல்லா இடத்துக்கும் 2.8 எம்.எம். தருவார். அகலமாகத் தெரு முழுக்கத் தெரியும், பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் தெரியாத ஒருவனின் முகத்தை அடையாளம் காட்ட ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது வேண்டும். நாலு மெகாபிக்சலில் 2.8 எம்.எம். போட்டால் அது சுமார் நாலு மீட்டரோடு முடிந்துபோகும். கேட் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் 6 எம்.எம். வாங்குங்கள். டீச்சரம்மா வீட்டில் 2.8 போட்டது நான் செய்த இன்னொரு தப்பு.

ஐஆர் வேண்டுமா, கலர் வேண்டுமா? ஐஆர் என்றால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்; கேமராவே அதை அடித்து இருட்டில் படம் எடுக்கும். ஐஆரில் எல்லாம் கறுப்பு வெள்ளை. சிவப்புச் சட்டைக்காரன் வெள்ளைச் சட்டைக்காரனாகவே தெரியலாம். கேமராவிலேயே வெள்ளை லைட்டு வைத்த வகையில் சட்டை நிறம் கிடைக்கும். ஆனால் கார்த்திகை மாசத்தில் ஈசலும் பூச்சியும் அந்த லைட்டை மொய்த்து, ராத்திரி முழுக்க போனில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். என் வழி வேறு: வாசலில் கேமராவை விட்டு நாலடி தள்ளி ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்றை விடிய விடிய எரியவிடுவேன். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். வெளிச்சம் இருந்தால் சுமாரான கேமராவும் ஒழுங்காக வேலை பார்க்கும். பல்பு போட முடியாத கொல்லைப்புறத்துக்கு ஐஆர்.

நம்பர் பிளேட் இதே கேமராவில் விழும் என்று நம்பாதீர்கள். ஐஆர் வெளிச்சம் பட்டதும் அது வெள்ளைப் பலகையாக எரிந்துபோகும். அதற்குத் தனிக் கேமரா வேண்டும்.

மாட்டும்போது சன்ஷேடை ஒட்டி மாட்டச் சொல்வார்கள், மழை படாது என்று. வெள்ளையடித்த சன்ஷேடு ஐஆரைத் திருப்பி அடிக்கும். ரொம்ப வெளிச்சம் என்று கேமரா நினைத்துக்கொண்டு படத்தின் வெளிச்சத்தைக் குறைக்கும், தெரு கும்மிருட்டாகிவிடும். ஒன்றரை அடி கீழே இறக்கினால் சரியாகும். உயரம் எட்டு, ஒன்பது அடி போதும். பதினைந்து அடியில் மாட்டினால் வந்தவனின் உச்சி மண்டைதான் கிடைக்கும். வெளியே டோம் (கவிழ்த்த கிண்ணம் மாதிரி மூடி போட்டது) வேண்டாம், புல்லட் (நீளக் குழாய் மாதிரி இருப்பது) வாங்குங்கள். டோம் மூடியில் தூசியும் பனியும் படிந்தால் ஐஆர் அதிலேயே சிதறிப் படம் பால் மாதிரி ஆகிவிடும்.

செட்டிங்கில் ஷட்டரை ஆட்டோவில் விடாமல் 1/50 என்று வையுங்கள், வெளிச்சம் இருந்தால் 1/100. படத்தில் பொரிபொரியாகப் புள்ளி வரும், வரட்டும். அந்தப் புள்ளியை வழிக்கிற டிஎன்ஆர் அளவைக் கூட்டினால் படம் மழமழவென்று ஆகும், ஆளுக்குப் பின்னால் வால் முளைக்கும்.

நாலு கேமராவையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, ஒரு ராத்திரி தற்காலிகமாகக் கட்டிவிட்டு, வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து வேகமாக நடந்து வரச் சொல்லுங்கள். ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், லைவில் பார்க்காதீர்கள். டீச்சரம்மா வீட்டில் மறுபடி மாட்டியபோது அவரே நடந்து வந்தார். படத்தை நிறுத்தினேன். "என் கண்ணாடி ஃபிரேம்ல ஒட்டுப் போட்டிருக்கிறதுகூடத் தெரியுதே" என்றார். மீதி மூன்றுக்கும் அதன் பிறகுதான் கம்பி இழுத்தேன்.

கரண்டு போனால் ரெக்கார்டரோடு கேமராவுக்குப் போகிற பவர் சப்ளையையும் சேர்த்து இன்வெர்ட்டரில் கொடுங்கள். பிறகு, ஒட்டடைக்குச்சி. ஐஆர் சூட்டுக்கும் பூச்சிக்கும் சிலந்தி தேடி வரும். லென்ஸுக்கு முன்னால் அது கட்டுகிற ஒற்றை நூல், ராத்திரிப் படத்தில் கிணற்றுக் கயிறு மொத்தத்துக்கு ஆடும். மாதம் ஒரு தடவை தட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை.