கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டைக்குக் கடலோரமாகத் தனியே நடப்பது எப்படி? (நடுவில் இருட்டிவிட்டால் என்ன செய்வது?)

போன வருடம் தை மாதம் நான் இந்த நடையைத் தப்பும் தவறுமாகச் செய்தேன். ஒரே பகலில் முடிய வேண்டியது ஒரு ராத்திரியை விழுங்கியது. அதனால் இதில் வரும் பாதி யோசனைகள் நான் செய்யாமல் விட்டவை. முதல் முறை நீள நடை போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மலையேறிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் கரையோரமாக நடக்கலாமே என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். நடுவில் சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம் என்று முகத்துவாரங்கள் குறுக்கே வரும். முழங்கால் அளவுத் தண்ணீர்போலத் தெரியும் இடத்தில் அடிமணல் சரிந்துகொண்டிருக்கும். தனி ஆள் அதில் இறங்கக் கூடாது.

கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே போனால் அந்தத் தொல்லை இல்லை. ராசாப்பேட்டையில் தொடங்கினால் சித்திரைப்பேட்டை, பெரியகுப்பம், அய்யம்பேட்டை, சாமியார்பேட்டை என்று போய், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் வரை பெரிய ஆறு எதுவும் குறுக்கிடாது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போன் செத்த பிறகு எனக்கு உதவியிருக்கக்கூடியது அது ஒன்றுதான். நான் எழுதி வைக்கவில்லை.

2. மாதமும் திசையும்

தை, மாசிதான் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்ததும் இந்தக் கரையோரம்தான், மார்கழி நடுவில். அதனால் மார்கழியையும் முழுசாக நம்ப வேண்டாம். சித்திரை, வைகாசியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வடக்கிலிருந்து தெற்கே நடங்கள். தையில் வாடைக்காற்று முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் நடந்தால் நாள் முழுக்க மணல் முகத்தில் அடிக்கும்.

3. கணக்குப் போடுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தார் ரோட்டில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறவர் மணலில் 3 நடந்தாலே பெரிது. காய்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும். கெட்டியான தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே சக்தி செலவாகும். 20 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம், உட்கார, சாப்பிட, கட்டுமரத்தை வேடிக்கை பார்க்க இரண்டு மணி நேரம். மொத்தம் ஒன்பது.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் இரண்டரைக்கு முடியும். நான் வீட்டில் இட்லி சாப்பிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, மணலில் கால் வைத்தபோது மணி பத்து. பத்தும் ஒன்பதும் பத்தொன்பது, அதாவது இரவு ஏழு. தையில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். இரண்டாம் வகுப்புக் கூட்டல் கணக்கு இது. அன்றைக்கு எனக்கு வரவில்லை.

4. பையில் என்ன வைப்பது

தண்ணீர் 3 லிட்டர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலை சுற்றும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சாப்பாட்டுக்குப் புளிசாதம்; கெடாது. கடலைமிட்டாய் கொஞ்சம். ஒட்டுப் பிளாஸ்திரி ரோல், ஒரு லுங்கி அல்லது மெல்லிய போர்வை, சின்ன டார்ச், பவர் பேங்க், தொப்பி. ஆதார் அட்டையும் வேண்டும். கடலோரக் கிராமங்களில் புது முகம் தெரிந்தால் கேள்வி கேட்பார்கள், கேட்பதில் நியாயம் உண்டு. எண்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093.

5. நடக்கும் முறை

அலை தொட்டுவிட்டுத் திரும்பிய ஈர மணலில் நடங்கள், கெட்டியாக இருக்கும். ஆனால் அது சரிவு. தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், அதனால் இடது கால் பள்ளத்தில், வலது கால் மேட்டில். மூன்று மணி நேரம் இப்படியே போனால் இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். அரை மணிக்கொரு தரம் மேலே ஏறிச் சமதளமான மணலில் சிறிது தூரம் நடந்துவிட்டு இறங்குங்கள். வேகம் போகும், இடுப்பு பிழைக்கும்.

பாதத்தில் ஓரிடம் சுடுகிறதே என்று தோன்றினால் அந்த நிமிஷமே உட்கார்ந்து, மணலைத் தட்டி, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். ‘அடுத்த ஊரில் பார்த்துக்கலாம்’ என்றால் கொப்புளம்தான். கரையில் நீலப் பலூன்போல ஒதுங்கிக் கிடக்கும், கொட்டக்கூடிய கடல் உயிரியையும், வலையிலிருந்து உதறிப்போட்ட கடல்பாம்பையும் தொடாதீர்கள், செத்தது மாதிரி இருந்தாலும்.

6. மூன்று மணிக்கு நில்லுங்கள்

மதியம் மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் நின்று, மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். 6 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அடுத்து வரும் ஊரிலேயே நடையை முடித்துக்கொண்டு பஸ்ஸைக் கேளுங்கள். கடலூர்–சிதம்பரம் ரோடு கரையிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. பகலில் ஊர்ப்பாதை வழியாக அங்கே போய்ச் சேரலாம். இருட்டில் சவுக்குத் தோப்பு வழியாகக் குறுக்கே போய்ச் சேர முடியாது. எனக்குத் தெரியும், முயன்று பார்த்தேன். முக்கால் மணி நேரம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றேன். போனில் ஒரு சதவீதம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

7. இருட்டிவிட்டது. இப்போது?

முதலில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள், ஏதாவது தின்னுங்கள். களைப்பும் பயமும் சேர்ந்து வரும்போது கால் தானாக ஓடும், அதை ஓடவிடக் கூடாது. போனில் உயிர் இருந்தால் வீட்டுக்கு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு அணைத்துவிடுங்கள்.

தோப்புக்குள் படுக்காதீர்கள். சவுக்குச் சருகு மெத்தைபோல அழைக்கும். ஆனால் விரியன்களுக்கும் அந்த இடம் பிடிக்கும், கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். அலைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

விளக்கு தெரியும் பக்கமாகக் கரையோடு நடங்கள். இந்தக் கரையில் ஏதோ ஒரு குப்பத்தின் வெளிச்சம் கண்ணில் பட்டுவிடும். ஊருக்குள் நுழையும்முன் குரல் கொடுங்கள். நாய்களுக்கு முன்னால் மனிதர்கள் உங்களைப் பார்ப்பது நல்லது. நான் போய்ச் சேர்ந்த குப்பத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தம்பி, வேண்டுதலா?”

“இல்லீங்க ஐயா, சும்மா நடந்து வந்தேன்.”

“சும்மாவா? கடலூர்லேர்ந்தா?” பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். “சும்மா நடந்தாராம்பா.”

அடுத்த முறை யார் கேட்டாலும் வேண்டுதல் என்றே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஆதாரைக் காட்டினேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு, மீன் ஏலக்கூடத்தில் படுக்கச் சொன்னார்கள். சிமென்ட் திண்ணை, மேலே கூரை. பெண்கள் தனியாகப் போனால் ஒரு வீட்டுப் பெண்மணியிடம் நேராகக் கேட்பதுதான் சரி.

8. ராத்திரியைக் கழிப்பது

கடலூரில் என்ன குளிர் என்று நினைப்பீர்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு படுத்துப் பாருங்கள். மணலும் சிமென்டும் பொழுது சாய்ந்ததும் சூட்டை விட்டுவிடும். பின்னிரவில் காற்று திரும்பி, கரையிலிருந்து கடலுக்கு வீசும். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். எனக்குப் பெரியவர் ஒரு பழைய வலைக் குவியலைக் காட்டினார். மீன் வாடை மூன்று நாள் போகவில்லை, ஆனால் அதைவிட நல்ல மெத்தையை நான் கேட்டிருக்க முடியாது. காலணியைத் தலைமாட்டில் வையுங்கள். காலையில் உதறிவிட்டுப் போடுங்கள்.

தூக்கம் வராது. வராவிட்டால் பரவாயில்லை, கால் நீட்டிக் கிடந்தாலே போதும். நடுநிசிக்கு மேல் கரையில் டார்ச்சோடு ஆட்கள் நடந்தால் பயப்பட வேண்டாம். தை, மாசியில் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட வரும். முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோக வனத்துறையினரும் தன்னார்வலர்களும் வருவார்கள். உங்கள் டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள், வெளிச்சம் கண்டால் ஆமை திரும்பிவிடும். நான்கு மணிவாக்கில் படகு தள்ளும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஊரே விழித்துவிடும்.

9. மறுநாள்

வீராப்புக்காக மிச்சத்தை நடக்காதீர்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். நான் சாமியார்பேட்டை வரை நொண்டிப் போய், அங்கிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் என் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

விட்ட தூரத்தை மாசியில் முடித்தேன், விடியலுக்கு முன்பே கிளம்பி. அப்படியே அந்தக் குப்பத்துக்கும் போய், அரைக் கிலோ அல்வாவோடு பெரியவரைத் தேடினேன். கடலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவர் வீட்டம்மா வாங்கி வைத்துக்கொண்டு, “யாரு, அந்த வேண்டுதல் தம்பியா?” என்று கேட்டார்.